கரண்ட் வந்துட்டு, பெட்டி வரல

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு வாழைத் தோட்டம். அங்கே மோட்டார் ரூமில் நாங்கள் மாட்டிய பெட்டிக்கு இரண்டு வேலை. கிணற்று நீர்மட்டத்தை அளந்து அனுப்ப வேண்டும், தோட்டக்காரர் போனில் சொன்னால் மோட்டாரைப் போட வேண்டும். ஆடிக் காற்றில் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை லைன் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் விடியற்காலையில் போன்: "தம்பி, கரண்ட் வந்துட்டு, பெட்டி வரல. லைட்டு மட்டும் எரிஞ்சுக்கிட்டே கெடக்கு." "இந்தா வாரேன் அண்ணாச்சி" என்று பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினேன்.

பெட்டிக்குள் இருப்பது பீகிள்போன் பிளாக் போர்டு, லினக்ஸ் ஓடும் கையளவு கம்ப்யூட்டர். போர்டு அனுப்பும் செய்திகளைக் காட்டும் சீரியல் கேபிளை மாட்டிப் பார்த்தால், லினக்ஸின் மையமான கெர்னல் எழுந்து, மெமரி கார்டில் சிஸ்டம் கோப்புகள் இருக்கும் ரூட் பார்ட்டிஷனைத் தேடி, படிக்க முடியாமல் 'கெர்னல் பேனிக்' என்று நின்றிருந்தது. அந்த கார்டில் இருந்தது இணையத்திலிருந்து இறக்கிய முழு டெபியன் இமேஜ், அதாவது டெபியன் என்ற லினக்ஸின் முழு நகல். அதன்மேல் எங்கள் புரோகிராமை வைத்து, அப்படியே நகல் எடுத்துப் பெட்டிக்கு ஒன்றாகப் போட்டிருந்தோம். இன்று நம் பக்கத்தில் தோட்டத்துக்கும் குளத்து மடைக்கும் பணகுடிக் காற்றாலைக்கும் பெட்டி செய்கிற இளைஞர்கள் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கார்டு ஏன் போனது? முழு டெபியன் சும்மா இருக்காது. லாக் எழுதும், தற்காலிகக் கோப்புகளை எழுதும். ஃபிளாஷ் மெமரியில் நான்கு கிலோபைட்டை மாற்றுவதற்குக்கூட கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் ஒரு பெரிய பிளாக்கையே வேறிடத்துக்கு நகர்த்தி எழுத நேரும். சரியாக அந்த நொடியில் கரண்ட் போனால், எழுதிய கோப்பு மட்டுமல்ல, பக்கத்தில் தேமே என்று கிடந்த கோப்பும் சேர்ந்து போகலாம். 'எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஜர்னல் இருக்கிறதே' என்பார்கள். மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் இந்த ஜர்னல் காப்பது கோப்பு முறையின் கணக்கை. கார்டுக்குள் நடக்கும் இந்த இடமாற்றம் அதன் கண்ணுக்கே தெரியாது.

அதனால் இமேஜை நாமே கட்ட வேண்டும். நான் பயன்படுத்துவது அதற்கான பில்ட்ரூட் என்ற கருவி. அதே வேலைக்கு 2010-இல் தொடங்கிய யாக்டோ இன்னும் பலம் வாய்ந்தது, ஆனால் ஓரிருவர் வேலை செய்யும் இடத்துக்கு அது பாரம் என்பது என் கருத்து. பில்ட்ரூட்டில் பீகிள்போனுக்கான ஆயத்த கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) இருக்கிறது. அதை எடுத்து, மெனுவில் நமக்கு வேண்டியதை மட்டும் சேர்த்து, 'மேக்' என்று சொல்லிவிட்டால் டூல்செயின் (கம்பைலர் வகையறா), பூட்லோடர் (கெர்னலை எழுப்பும் புரோகிராம்), கெர்னல், ரூட் பார்ட்டிஷன் எல்லாம் மூலத்திலிருந்து கட்டிக் கையில் தரும். முதல் முறை நேரம் பிடிக்கும், சாப்பிட்டு வரலாம். அந்த கான்ஃபிக்கை, கோப்பின் பழைய பதிப்புகளையும் காத்துவைக்கும் கிட் (Git) கருவியில் வையுங்கள். பதிவிறங்கிய மூலக் கோப்புகளையும் தனியே நகல் எடுத்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே இமேஜ் வேண்டியிருக்கும், அன்றைக்கு அந்த இணைய முகவரி உயிரோடு இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இப்போது எங்கள் பெட்டியில் ரூட் பார்ட்டிஷன் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறை. அதில் எழுதவே முடியாது. லாக் எல்லாம் ராமில். நீர்மட்ட அளவுகள் மட்டும் மெமரி கார்டுக்குப் போகும், சிஸ்டமோ போர்டிலேயே இருக்கும் இஎம்எம்சி என்ற ஃபிளாஷ் சிப்பில் இருக்கும். இரண்டும் தனித்தனி சிப் என்பதால் கார்டு செத்தாலும் பெட்டி எழும்.

முதல் முறை கட்டிய இமேஜ் ஒரே தடவையில் எழுந்துவிட்டால் அது அதிர்ஷ்டம். எழாதபோது எந்தப் படியில் நிற்கிறது என்று சீரியலில் பாருங்கள். சிப்புக்குள் இருக்கும் ரோம் (ROM) கோட் முதலில் எம்எல்ஓ என்ற சின்னக் கோப்பை எடுக்கும், அது யூ-பூட் என்ற பூட்லோடரை எடுக்கும், யூ-பூட் கெர்னலையும், போர்டில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் டிவைஸ் ட்ரீயையும் எடுக்கும். 'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்று வந்து அப்புறம் ஒரு எழுத்தும் வரவில்லையா? பெரும்பாலும் கெர்னல் சாகவில்லை, வேறு போர்ட்டில் பேசிக்கொண்டிருக்கிறது. கன்சோல் பெயரையும் டிவைஸ் ட்ரீயையும் சரிபாருங்கள். ரூட்டை மவுன்ட் செய்ய முடியவில்லை என்றால், கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் 'ரூட்வெயிட்' (ரூட் வரும்வரை காத்திரு) விட்டுப்போயிருக்கலாம். கார்டோ இஎம்எம்சியோ தயாராகும் முன்பே கெர்னல் அதைத் தேடிவிடுகிறது.

அப்டேட் விஷயத்தில் ஒரு பெரிய பாடம் கிடைத்தது. ரூட் பார்ட்டிஷன் இரண்டு வைத்திருக்கிறோம். புதியது மூன்று முறை எழாவிட்டால் யூ-பூட் தானே பழையதற்குத் திரும்பும். எழுந்தது நல்ல இமேஜ்தான் என்று அந்த முயற்சி எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குவது நம் புரோகிராமின் பொறுப்பு. அதை பூட் முடிந்த உடனேயே செய்யும்படி எழுதியிருந்தேன். ஒரு அப்டேட்டில் 4ஜி மோடத்தின் டிரைவர் விட்டுப்போனது. பெட்டி அழகாக எழுந்தது, 'நான் நலம்' என்று குறித்துக்கொண்டது, யாரோடும் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தது. ஆறு தோட்டங்களுக்கு நேரில் போய் மாற்றினேன். இப்போது முதல் அளவு சர்வருக்குப் போய்ப் பதில் வந்த பிறகுதான் எண்ணிக்கை பூஜ்யமாகும்.

கடிகாரத்தையும் மறக்காதீர்கள். பேட்டரி உள்ள கடிகாரம் இல்லாத போர்டு கரண்ட் வந்ததும் பெரும்பாலும் 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொள்ளும். அந்தத் தேதியில் சர்வரின் சான்றிதழ் செல்லாது, இணைப்பு கிடைக்காது. பேட்டரி வைத்த டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றைச் சேர்த்து, அதன் டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே கட்டிவிடுங்கள்.

அப்புறம் பாஸ்வேர்டு. 2016-இல் மிராய் என்ற நிரல் கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது, தயாரிப்பாளர்கள் வைத்திருந்த 60 சொச்சம் ஆயத்தப் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளைப் போட்டுப் பார்த்துத்தான். இதேபோல் சின்ன கம்ப்யூட்டர் போர்டு செய்யும் ராஸ்பெர்ரி பை நிறுவனமும் 2022 ஏப்ரலில் தன் ஆயத்தப் பயனர் பெயரை நீக்கிவிட்டது. கார்டை நகல் எடுக்கும்போது தொலைவிலிருந்து பெட்டிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் பெட்டியின் அடையாளமான சாவியும் சேர்ந்தே நகலாகிறது என்பதையும் கவனியுங்கள். ஒரு பெட்டியின் சாவி கிடைத்தவர் மற்றதுபோல் வேடம் போடலாம். முதல் பூட்டில் ஒவ்வொரு பெட்டியும் தனக்கான சாவியை உருவாக்கிக்கொள்ளும்படி செய்யுங்கள்.

எந்த இமேஜும் என் அறையை விட்டு வெளியே போகும் முன் ஒரு ராத்திரி ரிலேயோடு கிடக்கும். ஐந்து நொடிக்கும் தொண்ணூறு நொடிக்கும் இடையே ஏதோ ஒரு நேரத்தில் ரிலே கரண்டை வெட்டும், திரும்பக் கொடுக்கும். காலையில் பெட்டி எழவில்லை என்றால் அந்த இமேஜ் போகாது. தேறியதற்கு மூடியின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்: இமேஜ் கட்டிய தேதி, பதிப்பு எண், சீரியல் பின்கள். 1 கிரவுண்ட், 4 ஆர்எக்ஸ் (வாங்குவது), 5 டிஎக்ஸ் (அனுப்புவது), 3.3 வோல்ட் மட்டும்.