எண்ணிம நூலகம்: சொல் விளக்கம்

பினாங்கில் பலர் இன்றும் கிரீன் லேன் என்றே அழைக்கும் மஸ்ஜித் நெகிரி சாலையில், 2016ஆம் ஆண்டு 'பினாங்கு டிஜிட்டல் லைப்ரரி' திறக்கப்பட்டது. அத்தகைய நூலகத்தைத் தமிழில் மின்னூலகம் என்பதா, இலக்கவியல் நூலகம் என்பதா, எண்ணிம நூலகம் என்பதா?

'டிஜிட்டல்' என்பதன் வேர், விரலைக் குறிக்கும் 'டிஜிட்டஸ்' என்னும் இலத்தீன் சொல். விரல்விட்டு எண்ணும் வழக்கத்தால் அது எண்குறிக்குப் பெயராயிற்று; கணினி எதையும் 0, 1 என்னும் இரு குறிகளாகவே சேமிப்பதால் அம்முறைக்கும் அதுவே அடைமொழியாயிற்று. ஓர் ஓலைச்சுவடியைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும்போது, ஓலையின் பழுப்பு நிறமும் பூச்சி அரித்த துளையும் எழுத்தாணியின் கீறலும் எண்களாக மாறியே உள்ளே செல்கின்றன. ஆகவே இச்சொல்லின் உயிர் எண்ணில் இருக்கிறது, மின்சாரத்தில் இல்லை.

மின்னூலகம் என்பது செவிக்கு இனிய சொல்தான். ஆயினும் அதை மின் + நூலகம் என்றும் பிரிக்கலாம், மின்னூல் + அகம் என்றும் பிரிக்கலாம். மின்னூல்களை இரவல் தரும் சேவைக்கு இரண்டாம் பிரிப்பு பொருந்தும். ஒலிப்பதிவும் நிழற்படமும் சுவடியும் சேர்ந்த தொகுப்புக்கு அது போதாது.

மலேசிய நாளேடுகளில் 'இலக்கவியல்' வேரூன்றிவிட்டது. இலக்கவியல் அமைச்சு என்றே எழுதுகிறோம். இலக்கம் எண்ணைக் குறிப்பதால் பொருளில் குறையில்லை. ஆனால் இயற்பியல், உயிரியல் என்பவற்றைப் போல 'இயல்' ஒரு துறையைச் சுட்டும் ஈறு. ஒரு நூலகத்துக்கு அதை அடைமொழியாக்குவது எனக்கு உவப்பாக இல்லை. 'எண்ணிம' என்பதோ எண்ணை அடியாகக் கொண்டது. எண்ணிமமாக்கம், எண்ணிமப்படி என்று கிளைவிடவும் வல்லது. என் தேர்வு அதுவே.

நூலகம் என்னும் பகுதியையும் பார்க்க வேண்டும். இங்குள்ள மூத்தோர் நாவில் 'நூல்நிலையம்' வழங்குகிறது, மலாயில் 'பெர்புஸ்தாக்காஆன்'. அதனுள் இருக்கும் 'புஸ்தாக்கா', நம் புத்தகத்தைப் போலவே வடமொழி வழி வந்தது. 'நிலையம்' கட்டடத்தை நினைவூட்டும். ஒரு நூலகத்தின் உறுப்பினர் வேறு நூலகங்களின் நூல்களையும் இணையவழி பெற உதவும் தேசிய நூலகத்தின் 'யூ-புஸ்தாக்கா' போன்ற ஏற்பாட்டுக்கு, உள்ளிடம் என்று பொருள்படும் 'அகம்' கூடுதலாக இசைகிறது. நூலுக்கோ இழை என்ற பொருளும் உண்டு: நன்னூல், சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்பவளாகவும் உருவகிக்கிறது. நூலகங்கள் ஒன்றோடொன்று இழையால் கட்டுண்ட இக்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நாம் தேடவேண்டியதில்லை.

'அகம்' ஒழுங்கையும் கேட்கிறது. பழைய தமிழ் இதழ்களையும் கோயில் மலர்களையும் படமெடுத்து, பெயரும் ஆண்டும் ஊரும் குறிக்காமல் கோப்புகளாகக் குவித்து வைத்தால், அதை எண்ணிமக் குவியல் என்றே சொல்லலாம். தேடுபவர் கைக்கு எட்டும்படி அட்டவணையிட்டு, பழுதாகாமல் காக்கும் பொறுப்பையும் ஏற்ற பிறகே அது எண்ணிம நூலகம்.