இதமான வெயிலில் சரியும் பனி

பனிச்சரிவு என்றதும் கடுங்குளிரும் பனிப்புயலும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். புயல் ஓய்ந்து, வானம் வெளுத்து, கையுறையைக் கழற்றலாம் போலிருக்கும் நாளில் பயம் விலகிவிடுகிறது. காவலும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாத மலைப்பகுதிக்குள் போகிறவர்களுக்கு அந்த இதமான நாளே பெரிய ஆபத்தாகலாம். பகல் எவ்வளவு சூடு என்பதைவிட, முந்தின இரவு பனி நன்றாக உறைந்ததா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

குளிர்காலத்தில் பனி அடுக்கடுக்காகச் சேர்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைந்து சரிவைப் பிடித்துக்கொள்கின்றன. வெப்பம் ஏறி மொத்தப் பனியும் 0 டிகிரியைத் தொட்டுவிட்டால், அதற்குமேல் வரும் வெப்பமெல்லாம் உருகுவதற்கே செலவாகும். முதலில் கசியும் சிறிதளவு நீர் பனியைக் கெடுப்பதில்லை. ஈர மணலில் வீடு கட்டும்போது நடப்பதுதான் இங்கேயும்: துகள்களுக்கு இடையே சிக்கிய நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கும். கன அளவில் நீரின் பங்கு ஏறக்குறைய 7, 8 சதவீதத்தைத் தாண்டும்போது கதை மாறுகிறது. இடைவெளிகளில் நீர் தொடர்ச்சியாக நிறைந்து, துகள்களைப் பிணைத்திருந்த உறைவு கரைகிறது. காலையில் ஆளைத் தாங்கிய சரிவில் மதியம் முழங்கால்வரை புதைவது இதனால்தான்.

அந்த நீர் எங்கே போகிறது? அது எல்லா இடத்திலும் சீராக இறங்குவதில்லை. ஆங்காங்கே செங்குத்தான தடங்களில் வடியும். வழியில் பனிக்கட்டி ஓடு ஒன்று குறுக்கிட்டாலோ, நுண்ணிய துகள் அடுக்குக்குக் கீழே பருமனான துகள் அடுக்கு இருந்தாலோ, நீர் அங்கேயே தேங்கிப் பக்கவாட்டில் பரவும். நனைந்த அந்த அடுக்கு பிடியை விட்டால், மேலேயுள்ள பனி மொத்தமாகப் பெயர்ந்து வரும். அந்தப் பருவத்தில் முதன்முறையாக வரும் வெப்பம் குறிப்பாக மோசமானது. அதுவரை நீரே படாத பனியில் வடிகால்கள் உருவாகியிருக்காது. பலமுறை உருகி உறைந்த பனியில் நீர் எளிதாக வடிந்துவிடும்.

சரி, இரவு என்ன செய்கிறது? மேகமில்லாத இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு இழக்கிறது. காற்று 0 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தாலும் மேற்பரப்பு உறைந்து கெட்டியாகிவிட முடியும். மேகம் மூடியிருந்தால் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும், உறைவும் நடக்காது. அதனால்தான் அனுபவசாலிகள் விடியும் முன்னே ஏறி, வெயில் உறைக்கும் முன்னே இறங்கிவிடுகிறார்கள். இரவில் உறையவே இல்லையென்றால் அன்று செங்குத்தான சரிவுகளுக்குப் போவதில்லை. வட அரைக்கோளத்தில் காலையில் கிழக்குச் சரிவுகள் இளகும், அப்புறம் தெற்கு, பிற்பகலில் மேற்கு. வடக்குச் சரிவுகள் தாமதமாகச் சூடாகும் என்பதால் அவற்றின் முறை நாட்கள் கழித்தும் வரலாம். புதுப்பனிமேல் மழை பெய்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. மழை தொடங்கிய சிறிது நேரத்திலேயே பனிச்சரிவு தொடங்கிவிடலாம்.

பனி முன்கூட்டியே அடையாளம் காட்டுவதும் உண்டு. பாறைகளுக்கும் மரங்களுக்கும் கீழேயிருந்து பனி உருண்டைகள் தானாக உருளும். கால் வைக்கும் இடமெல்லாம் கூழாகும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் தொடங்குகின்றன. தட்டையான இடத்தில் நின்றாலும் தலைக்குமேல் அப்படியொரு சரிவு இருந்தால் ஆபத்துதான். ஈரப் பனிச்சரிவு உலர்ந்த தூள்பனிச் சரிவைவிட மெதுவாக வரும். ஆனால் அதன் எடை மரங்களைப் பிடுங்கும், எலும்புகளை நொறுக்கும். நின்றதும் இறுகிவிடுவதால் வெறும் கையால் தோண்டுவது ஏறக்குறைய முடியாத காரியம். பனிச்சரிவில் முழுதாகப் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்துக்குப் பிறகு சடசடவென்று சரிவதை நினைத்தால், ஆளுக்கொரு மண்வாரியும் தேடும் கருவியும் இல்லாமல் போகிறவர்களைப் பார்க்கையில் எனக்குப் பதைக்கிறது.

இரவை வைத்துப் போடும் கணக்குக்கு அடங்காத வகை ஒன்றும் இருக்கிறது. வழவழப்பான பாறைமீதோ படிந்த புல்மீதோ கிடக்கும் பனிக்கு அடியில் நீர் சேர்ந்தால், மொத்தப் பனியும் தரையோடு வழுக்கும். மேலே வாய் பிளந்தாற்போல் விரிசல் தெரியும். அது சில மணி நேரத்தில் பெயரலாம், வாரக்கணக்கில் அப்படியே நிற்கலாம், நள்ளிரவுக் குளிரில்கூட விழலாம். விரிசல் எத்தனை பழையதாக இருந்தாலும் அதற்குக் கீழே ஓய்வெடுக்க உட்காராதீர்கள். கடந்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொருவராக, நிற்காமல் கடந்துவிடுங்கள்.