வெளிநாட்டுச் சபையோடு கைகோக்கும் முன்

சபைகள், டிரஸ்டுகளின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து இப்படி ஒரு போன் அடிக்கடி வரும்: “சாரே, ஜெர்மனியில ஒரு சபைக்காரங்க நம்ம சபையோட சேர்ந்து ஊழியம் செய்ய விரும்புறாங்க. பணம் அனுப்ப அக்கவுண்ட் நம்பர் கேக்காங்க. யாரோட நம்பரைக் கொடுக்கலாம்?” இரண்டு சபைகளும் இன்னும் ஒருமுறைகூட உட்கார்ந்து பேசியிருக்காது. அதற்குள் பேச்சு பணத்தில் வந்து நிற்கும். எனக்குக் கவலை தருவது இதுதான்.

நம் குமரி மாவட்டத்துக்கு வெளிநாட்டுச் சபைகளின் உறவு புதிதல்ல. 1806-இல் திருவிதாங்கூருக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயை மயிலாடிக்கு அழைத்தவர் நம் ஊர் வேதமாணிக்கம். நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் பின்னலில் நம் பெண்கள் உழைத்தார்கள். அந்த வருமானம் பெண்கள் பள்ளிக்கூடத்தைத் தாங்கியது. கையேந்துகிற இடத்தில் மட்டும் நாம் இருந்ததில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு குளச்சலுக்கும் மணக்குடிக்கும் உதவி ஓடி வந்தது. உயிரும் வீடும் போன நேரத்தில் பணம்தான் முதலில் வர வேண்டும். சாதாரண நாளில் தொடங்கும் உறவுக்கு அந்த அவசரம் கிடையாது.

சரி, பணம் வரத்தான் போகிறது என்றால் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி, இதற்கென அரசிடம் பதிவோ முன் அனுமதியோ பெறாத அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமிருக்கிறது. பதிவு இருந்தாலும் பணம் முதலில் வந்து சேர வேண்டியது புதுடெல்லியில் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்குக்குத்தான். அங்கிருந்து உள்ளூர் வங்கிக்கு மாற்றிச் செலவழிக்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஓர் அமைப்பு தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை வேறோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. “தெரிஞ்ச டிரஸ்ட் வழியா வாங்கிக்கிடலாம்” என்று இன்னமும் சிலர் யோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து அந்த யோசனையை ஏற்காதீர்கள்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் சபை சட்டப்படி யார் என்பதை. பிஷப்பின் கீழுள்ள பேராயத்தின் ஓர் அங்கமாக இருந்தால், பதிவு பேராயத்தின் பெயரில் இருக்கும். பேராய அலுவலகத்தோடு பேசாமல் சபைக் கமிட்டி எந்த வாக்கும் கொடுக்கக் கூடாது. தனிச் சபையாக இருந்தால், பதிவு கேட்கப் பொதுவாக அமைப்பு தொடங்கி 3 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். அதன் நோக்கங்களுக்காகக் கடந்த 3 நிதியாண்டுகளில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு வளராத அமைப்பு, குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று காட்டி முன் அனுமதி கேட்கலாம்.

நம் ஊரில் அதிகம் குழம்புவது வளைகுடாப் பணத்தில்தான். குவைத்தில் நர்ஸாக இருக்கும் நம் சபைப் பெண், இந்தியப் பாஸ்போர்ட்டோடு தன் சம்பளச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் காணிக்கை, வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவளுடைய அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால், அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. ஒரே வீடு, ஒரே ஞானஸ்நானப் பதிவேடு. ஆனாலும் சட்டத்துக்கு இருவரும் வேறு வேறு. ரசீது எழுதும் பொருளாளர் கேட்க வேண்டியது பாஸ்போர்ட்டைத்தான்.

நான் தணிக்கைக்குப் போன ஒரு சபையில், ஆலயக் கூரைக்கு வந்த பணம் போதகரின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் இறங்கியிருந்தது. அவர் நேர்மையான மனிதர். ஆணி வாங்கிய பில்லைக்கூட ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார். ஆனால் சபையின் நாள்பேரேட்டில் ஒரு வரிகூட இல்லை. இதற்கிடையே அவருக்கு மாற்றலும் வந்தது. ஒப்படைக்கக் கணக்கே இல்லாததால், புதிய போதகருக்கும் கமிட்டிக்கும் எதுவும் புரியவில்லை. ஊரில் பேச்சு கிளம்பியது. அந்த வெளிநாட்டுச் சபைக்கும் அந்த ஒரு போதகரை மட்டும்தான் தெரியும். அவர் போனதும் கடிதமும் நின்றுபோனது. நேர்மையான ஒருவர் தலைகுனிந்து நின்றதைப் பார்த்தவன் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என் யோசனை இது. முதல் ஒரு வருடம் பணத்தைப் பற்றியே பேசாதீர்கள். இங்கே மாலை 6.30 என்றால் இங்கிலாந்தில் கோடைகாலத்தில் மதியம் 2 மணி. இரண்டு ஊருக்கும் தோதான நேரம். வீடியோவில் சேர்ந்து ஜெபியுங்கள். பெண்கள் சங்கமும் வாலிபர் சங்கமும் அங்குள்ளவர்களோடு தனியாகப் பேசட்டும். இரண்டு பக்கமும் இரண்டு மூன்று பேராவது பொறுப்பில் இருக்கட்டும். அவர்கள் சபையில் நோயுற்றவர்களின் பெயரைக் கேட்டு, நம் ஞாயிறு ஆராதனையில் சொல்லி ஜெபியுங்கள். பிள்ளைகளின் படங்களைப் பெற்றோரிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள். வறுமையைக் காட்டும் படம் என்றால் அனுப்பவே வேண்டாம்.

அவர்கள் நேரில் வருவதானால், விசா எடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். டூரிஸ்ட் விசாவில் வந்தவர் ஆராதனையில் உட்காரலாம், பிரசங்கம் செய்ய அனுமதி இல்லை. பண்டிகை நோட்டீசில் சிறப்புச் செய்தியாளர் என்று அவர் பெயரை அச்சடித்துவிடாதீர்கள். அவர் யார் வீட்டில் தங்குகிறாரோ, அந்த வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை ஆன்லைனில் அரசிடம் பதிய வேண்டும்.

அப்புறம், பணம் வரத் தொடங்கிவிட்டால், ஒவ்வொரு நிதியாண்டின் வெளிநாட்டுப் பணக் கணக்கையும் அடுத்து வரும் டிசம்பர் 31-க்குள் எஃப்.சி.4 என்ற படிவத்தில் அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதன் நகல் ஒன்றை அந்தச் சபைக்கு அனுப்புங்கள், இன்னொன்றை நம் சபையாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.