நீலத்திரையில் வரும் பெயரை நம்பலாமா?

பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய புது கம்ப்யூட்டரில், விண்டோஸ் திடீரென்று நின்றுபோகும்போது ஒரு பிழைப்பெயரோடு வரும் நீலத்திரைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கனமான கேமை மூன்று மணி நேரம் அசராமல் ஓட்டும். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் விழுந்துவிடும். இன்றைக்கு ஒரு பிழைப்பெயர் வரும், நாளைக்கு வேறொன்று. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாலும் மறுநாளே திரும்ப வந்து நிற்கும். பெரும்பாலானவர்கள் அந்தப் பெயரை இணையத்தில் தேடி, கிடைத்த யோசனையைச் செய்துபார்த்து, அடுத்த பெயர் வந்ததும் அடுத்த யோசனைக்குப் போய், வாரக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். தலையும் வாலும் இல்லாமல் வருகிறதே என்று நாம் நொந்துகொள்ளும் அந்த ஒழுங்கின்மைதான் இதில் கிடைக்கும் மிகப் பெரிய தடயம். அதைப் படிக்க வேண்டுமானால், நீலத்திரையைப் போடுவது யார், எப்போது போடுகிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும்.

ப்ராசஸர் நிரல்களை இரண்டு நிலைகளில் ஓட்டுகிறது. பிரவுசர், கேம், பாட்டு கேட்கும் செயலி எல்லாம் யூசர் மோடில் ஓடுபவை. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நினைவக எல்லை உண்டு. ஒன்று தப்பு செய்தால் அதை மட்டும் மூடிவிட்டு மற்றவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸின் மையமான கெர்னலும், வன்பொருளை இயக்கும் நிரல்களான டிரைவர்களில் பெரும்பாலானவையும் கெர்னல் மோடில் ஓடுகின்றன. அங்கே அந்த மாதிரி தடுப்புச் சுவர் கிடையாது, எல்லாரும் ஒரே நினைவகப் பரப்பைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். அங்கே ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தால், வேறு என்னென்ன கெட்டிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தொடர்ந்து ஓடவிட்டால் கெட்ட தகவல் டிஸ்க்கில் போய் எழுதப்பட்டுவிடும். அதனால் கெர்னல் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்தி, நினைவகத்தில் இருந்ததில் ஒரு பகுதியைக் கோப்பாகச் சேமித்துவிட்டு, மறுபடி தொடங்குகிறது. கெர்னல் இப்படித் தானாகவே நிறுத்திக்கொள்வது 1993இல் வந்த விண்டோஸ் என்டி 3.1 காலத்திலிருந்தே வழக்கம். 2025இல் விண்டோஸ் 11 அந்தத் திரையின் நிறத்தைக் கறுப்பாக மாற்றியது; உள்ளே நடப்பது மாறவில்லை.

ஆக, நீலத்திரை என்பது சேதம் நடந்த நேரமும் அல்ல, நடந்த இடமும் அல்ல. சேதத்தை யாரோ கவனித்த நேரம், அவ்வளவுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதற்கு அப்படியே பொருந்தும்.

ஒரே ஒரு பிட்டை எடுத்துக்கொள்வோம். நினைவகத்தில் 01100100 என்று எட்டு பிட்டுகள் இருக்கின்றன. இது 100 என்ற எண். முதல் பிட் மட்டும் 0 என்பதிலிருந்து 1 ஆகப் புரண்டால் 11100100, அதாவது 228. இந்த எண் ஒரு படத்தில் ஏதோ ஒரு புள்ளியின் நிறமாக இருந்தால் உங்கள் கண்ணுக்கே தெரியாது. அதுவே ஒரு கோப்பின் நடுவில் இருந்தால், அந்தக் கோப்பு சத்தமில்லாமல் கெட்டுப்போகும். கெர்னல் அடுத்து எங்கே போய்ப் படிக்க வேண்டும் என்று சொல்லும் முகவரியில் அது இருந்துவிட்டால்தான் வினை. இல்லாத ஓர் இடத்துக்குக் கெர்னல் போய் நிற்கும், பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா என்று திரை வரும். அதே முகவரியை ஒரு டிரைவர், குறுக்கீடு செய்யக்கூடாத உயர் முன்னுரிமையில் ஓடும்போது தொட்டால் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல் என்று வரும். நினைவகத்தின் கணக்குப் புத்தகத்திலேயே அந்த பிட் புரண்டிருந்தால் மெமரி மேனேஜ்மென்ட். கெர்னல் தன் பட்டியல்களைச் சரிபார்க்கும்போது, முன்னும் பின்னும் இணைப்பு பொருந்தாமல் போனால் கெர்னல் செக்யூரிட்டி செக் ஃபெயிலியர். நான்கு வெவ்வேறு பெயர்கள், ஒரே பழுது. ரேம் எனப்படும் இந்த நினைவகத்தில் எந்த இடத்தில் எது குடியிருக்கிறது என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், பழுது ஒரே இடத்தில் அசையாமல் இருந்தாலும் அதில் சிக்குபவர் மாறிக்கொண்டே இருக்கிறார்.

மென்பொருள் பழுது பெரும்பாலும் இப்படி அலையாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அவை எல்லாமே அதே டிரைவரில் விழுந்தன. பலவற்றை மறுபடி தொடங்கினால் மறுபடி அங்கேயே விழுந்தன. உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்தாறு முறை தொடர்ந்து ஒரே டிரைவரின் பெயர் வருகிறது, அதுவும் ஒரே வேலையைச் செய்யும்போது வருகிறது என்றால் டிரைவரைச் சந்தேகப்படுங்கள். பெயர் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றால் வன்பொருளைச் சந்தேகப்படுங்கள். இந்த ஒரு பிரிவினையே பாதி வேலையை முடித்துவிடும்.

பழைய பெயர்களைப் பார்க்க, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் உள்ள கோப்புகளை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்டிபிஜி என்ற கருவியில் திறக்கலாம். ஒன்றை மட்டும் திறந்து பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். நான்கைந்தை அடுத்தடுத்து திறந்து ஒப்பிட வேண்டும். அதில் கெர்னல் கோப்பின் பெயரே காரணம் என்று வந்தால், விண்டோஸ் கெட்டுவிட்டது என்று நினைக்கத் தேவையில்லை. குறிப்பாக யாரையும் கைகாட்ட முடியாதபோது அந்தப் பெயர்தான் வரும்.

சரி, புது கம்ப்யூட்டரில் பிட் ஏன் புரள வேண்டும்? பழுதான ரேம் ஒரு காரணம். அதைவிட அடிக்கடி கண்ணில் படுவது, ரேமைப் பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓட வைப்பது. ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த வேகங்கள் இருக்கின்றன. ரேமின் பழைய தலைமுறையான டிடிஆர்4க்கு அதிகபட்சம் 3200 (நொடிக்கு இத்தனை மில்லியன் பரிமாற்றங்கள்), அடுத்த தலைமுறையான டிடிஆர்5 தொடங்குவது 4800. அட்டைப்பெட்டியில் 6000 என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், பெட்டியிலிருந்து எடுத்துச் செருகியதும் ரேம் அந்த வேகத்தில் ஓடாது. விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் மென்பொருளான பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் ஓடும். இன்டெலின் எக்ஸ்எம்பியானாலும் ஏஎம்டியின் எக்ஸ்போவானாலும் கணக்கில் ஓவர்கிளாக்கிங்தான், அதாவது வகுத்த வேகத்தை மீறி ஓட்டுவது. ரேம் தாங்கும் என்று அதைச் செய்த நிறுவனம் சோதித்திருக்கலாம். உங்கள் ப்ராசஸருக்குள் இருந்து ரேமை நிர்வகிக்கும் மெமரி கன்ட்ரோலரும் உங்கள் மதர்போர்டும் சேர்ந்து தாங்கும் என்று அந்தப் பெட்டி உறுதி தருவதில்லை. இதை விற்பவர்கள் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் வாங்குபவர் அந்த எண்ணுக்காகத்தான் காசு கொடுக்கிறார்.

6000 வேகத்தில் ஒரு கம்பியில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நானோநொடியில் ஆறில் ஒரு பங்கு. வெற்றிடத்தில் ஒளியே அந்த நேரத்தில் 5 சென்டிமீட்டர்தான் போகும். மதர்போர்டில் ஓடும் செப்புத் தடங்களின் நீளம், வெப்பம், மின்னழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, எந்த நொடித்துகளில் படித்தால் 0 என்பது 0 ஆகவும் 1 என்பது 1 ஆகவும் தெரியும் என்று கம்ப்யூட்டர் தொடங்கும்போது அளந்துகொள்கிறது. இதற்கு மெமரி டிரெய்னிங் என்று பெயர். டிடிஆர்5 பொருத்திய புதுக் கம்ப்யூட்டர் முதல் முறை சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு நிற்பது இதனால்தான். பயந்துபோய் பவரை அணைக்காதீர்கள். அளந்த அளவு விளிம்பில் இருந்தால், கம்ப்யூட்டர் தொடங்கும், ஓடும், எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். ரேம் கொஞ்சம் சூடானதும் எங்கோ ஒரு பிட் புரளும். 16 ஜிபி ரேமில் 13,700 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள் இருக்கின்றன. ஒன்று போதும். டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே ஒரு பிழைதிருத்தம் உண்டு என்பது உண்மைதான். அது சிப்பின் உள்ளே நடக்கும் பிழையை மட்டும் சரிசெய்யும், சிப்புக்கும் ப்ராசஸருக்கும் இடையே கம்பியில் நடப்பதை அது பார்ப்பதில்லை.

அதனால் முதல் வேலை, பயாஸை டீஃபால்ட்டுக்கு, அதாவது மாற்றம் எதுவும் செய்யாத ஆரம்ப அமைப்புக்கு, கொண்டுபோவது. எக்ஸ்எம்பி, எக்ஸ்போ, ப்ராசஸர் ஓவர்கிளாக், மின்னழுத்தக் குறைப்பு எல்லாம் அணைய வேண்டும். சில நாள் அப்படியே பயன்படுத்திப் பாருங்கள். விழுவது நின்றுவிட்டால் பாகம் எதுவும் பழுதாக இல்லாமலே இருக்கலாம், வேகம்தான் சிக்கல். பயாஸை அப்டேட் செய்துவிட்டு மறுபடி எக்ஸ்எம்பியை இயக்கிப் பாருங்கள். நிலையில்லாத ரேமோடு பயாஸ் அப்டேட் செய்வது ஆபத்து என்பதால் டீஃபால்ட் வேகத்தில் இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும். அப்புறமும் விழுந்தால் வேகத்தை ஒரு படி குறைத்துக்கொள்வது நல்லது. 6000க்கும் 5600க்கும் உள்ள வித்தியாசம் அன்றாட வேலையில் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

டீஃபால்ட்டிலும் விழுகிறதா? அப்போது ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போன்ற கருவியை யூஎஸ்பியில் ஏற்றி, விண்டோஸுக்குள் போகாமல் அதிலிருந்தே தொடங்குங்கள். விண்டோஸ் ஓடும்போது ரேமின் ஒரு பகுதியை அதுவே பிடித்துக்கொண்டிருக்கும்; வெளியிலிருந்து சோதித்தால் கிட்டத்தட்ட முழுவதையும் எழுதிப் படித்துச் சரிபார்க்கலாம். ஒரு சுற்று ஓடி முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான்; ஒன்றுதானே என்று விடக்கூடாது. பிழை வரவில்லை என்பதால் ரேம் சுத்தம் என்று நிச்சயமாகிவிடாது, சந்தேகம் குறைகிறது, அவ்வளவே.

பிழை வந்தால் இரண்டு ரேமில் ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றதை மட்டும் சோதியுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்ததைப் போட்டுச் சோதியுங்கள். பிழை ரேமோடு கூடவே போனால் ரேம்தான் பழுது. எந்த ரேமைப் போட்டாலும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால் மதர்போர்டு அல்லது ப்ராசஸர் பக்கம் பாருங்கள். கூலரை ஒரு பக்கம் மட்டும் அதிகமாக முறுக்கிவிட்டாலும், ப்ராசஸருக்கு அடியிலுள்ள ஊசிகளில் சில சரியாகத் தொடாமல் ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையிலான பாதையான ரேம் சேனல் ஒன்றே சிக்கலாகும். தனித்தனியாக இரண்டும் தேறி, சேர்த்தால் மட்டும் பிழை என்றால் எந்த ஸ்லாட்டில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நான்கு ஸ்லாட் போர்டுகளில் பொதுவாக ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் முதலில் நிரப்ப வேண்டியவை. நான்கு ரேம் போட்டால் கன்ட்ரோலருக்குச் சுமை கூடி, தாங்கும் வேகம் குறையும். தனித்தனியாக வாங்கிய இரண்டு செட்டைக் கலப்பது, மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும், தெரிந்தே சிக்கலை வரவழைப்பது.

ரேம் தேறிவிட்டது, ஆனால் வியா அன்கரெக்டபிள் எரர் என்ற பெயர் வருகிறது என்றால் கதை வேறு. இது விண்டோஸ் ஊகித்த பிழை அல்ல, வன்பொருளே தன் பிழையைக் கண்டு புகார் செய்தது. பெரும்பாலும் ப்ராசஸருக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் காரணமாக இருக்கும். மின்னழுத்தத்தைக் குறைத்து வைத்த கம்ப்யூட்டர், கனமான வேலையில் தாங்கி, சும்மா இருக்கும்போது விழுவதும் இதனால்தான். ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளான கோர்கள் எல்லாம் உழைக்கும்போது வேகம் மிதமாகவே இருக்கும். லேசான வேலையில்தான் ஒரு கோர் தன் உச்ச வேகத்துக்குத் தாவும், அந்த நொடியில் மின்னழுத்தம் போதாமல் போகும். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில், தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய் நாளடைவில் சிப்பே தேயும் சிக்கல் 2024இல் வெளியானது. இன்டெல் மைக்ரோகோட் எனும் ப்ராசஸரின் உள்நிரலுக்குத் திருத்தங்கள் தந்தது, வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் திருத்தம் பயாஸ் அப்டேட்டோடு வருகிறது. ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அது மீட்காது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

நீலத்திரையே இல்லாமல் சட்டென்று அணைந்து மீண்டும் தொடங்கினால் பவர் சப்ளை, கேபிள் இணைப்பு, வெப்பம் இந்த மூன்றையும் பாருங்கள். நடந்தவற்றை விண்டோஸ் பதிந்து காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். பலர் அதைக் காரணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முறையாக அணைக்காமல் கம்ப்யூட்டர் நின்றுபோயிற்று என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை.

கடைசியாக ஒன்று. கெட்ட ரேமோடு ஓடிய நாட்களில் எழுதப்பட்ட கோப்புகளில் சில கெட்டிருக்கலாம். பழுதைச் சரிசெய்த பிறகும் விண்டோஸ் தடுமாறினால், புதுப் பழுது என்று ஓடாமல், விண்டோஸின் கோப்புகளைச் சரிபார்க்கும் சிஸ்டம் ஃபைல் செக்கரை ஓட்டுங்கள். சமீபத்தில்தான் விண்டோஸ் போட்டிருந்தால் மறுபடி சுத்தமாகப் போட்டுவிடுவதே மேல். வாரன்டியில் ரேமைத் திருப்பும்போது பழுதான ஒன்றை மட்டும் அனுப்பாமல் முழு செட்டாக அனுப்புங்கள். மாற்று செட் கைக்கு வந்ததும், விண்டோஸைத் தொடுவதற்கு முன்னால், அதையும் ஓர் இரவு மெம்டெஸ்டில் ஓடவிடுங்கள்.