பனியாற்றுப் படகில் ஏறும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இப்போது தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடுகிற ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்கா கிளம்பும் பெற்றோர்கள் கையிருப்புக்கு மாத்திரை எழுதி வாங்க என்னிடம் வருவார்கள். சில வருடங்களாக அவர்களின் பயணத்தில் அலாஸ்காவும் சேர்ந்துகொண்டிருக்கிறது. காலையில் படகேறி, கடலுக்குள் வந்து முடிகிற பனியாற்றின் முகப்பு வரை போய், சாயங்காலம் கரை திரும்புகிற ஒரு நாள் சுற்றுலாவுக்குப் பிள்ளைகள் டிக்கெட் போட்டு வைத்திருப்பார்கள்.

போக வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. பார்க்க வேண்டிய காட்சிதான் அது. சிவர்ட் ஊரிலிருந்து கிளம்பும் படகுகள் கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவின் கரையோரமாகப் போகும். மேலே ஹார்டிங் பனிப்பரப்பு. அதிலிருந்து கிட்டத்தட்ட 40 பனியாறுகள் இறங்குகின்றன. அயாலிக், ஹோல்கேட் போன்ற சில நேராகக் கடலையே தொடுகின்றன. முகப்பிலிருந்து வீடளவு பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழும்போது, இடிச்சத்தம் ஒரு நொடி தாமதித்துத்தான் காதுக்கு வரும். எழுபது வயதில் இதைப் பார்க்க ஒருவர் ஆசைப்பட்டால், பத்திரமாகப் பார்த்து வர உதவுவது என் வேலை.

வருகிறவர்கள் முதலில் கேட்பது, “படகு கவிழ்ந்திடாதுங்களா?” என்பதுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர், 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர் என்று நம் மாநிலத்திலேயே சுற்றுலாப் படகுகள் உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றன. தேக்கடியில் விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கமாகத் திரண்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதனால் நான் சொல்வது இதுதான். திமிங்கிலம் தெரிகிறது என்று யாராவது கூவினால் எழுந்து ஓடாதீர்கள். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். புறப்படும் முன் பணியாளர்கள் உயிர்காப்பு உடை எங்கே இருக்கிறது, எப்படி மாட்டுவது என்று சொல்லித் தருவார்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் அந்த நேரத்தில் மகனையோ மகளையோ பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும், ஏறத்தாழ பத்து நிமிடத்தில் கைகால் சொன்னபடி கேட்காமல் போகும். உயிர்காப்பு உடை இருந்தால்தான் அதற்குப் பிறகும் தலை தண்ணீருக்கு மேலே நிற்கும்.

ஆனால் என்னைக் கவலைப்படவைப்பது படகு கவிழ்வது இல்லை. இவர்கள் வாய் திறந்து கேட்காமல் விட்டுவிடுகிற சில விஷயங்கள்தான்.

ஒரு அம்மா வந்தார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு எழுந்தவர், மருமகள் வெளியே போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “டாக்டரம்மா, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீர் மாத்திரையை விட்டுடலாமுங்களா? தண்ணியும் குடிக்காம இருந்துக்கறேன். படகுல போயி பாத்ரூம் பாத்ரூம்னு அவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுங்க.”

கேட்டுவிட்டார், அதனால் பேச முடிந்தது. பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், மாத்திரையைச் சத்தமில்லாமல் தவிர்த்துவிடுவார்கள். பிள்ளைகள் ஆசையாகக் காசு செலவழித்துக் கூட்டிப்போகும்போது நம்மால் இடைஞ்சல் வரக் கூடாது என்ற எண்ணம். அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உடம்புக்கு அது புரியாது.

குளிரில் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்கு ஒதுங்கும். ரத்தம் கூடிவிட்டது என்று நினைத்துச் சிறுநீரகம் அதிக நீரை வெளியேற்றும். ஆகவே நீங்கள் தண்ணீர் குடிக்காவிட்டாலும் குளிரில் சிறுநீர் வரத்தான் செய்யும். உள்ளே நீர் குறையும், தலைசுற்றும், ஆடுகிற படகில் கால் தடுமாறும். வயதானவர்கள் விழுந்தால் இடுப்பெலும்பு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு நாள் கழித்து நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று வருவதும் உண்டு.

இதற்கு வழி இருக்கிறது. இந்தச் சுற்றுலாப் படகுகளில் உள்ளேயே கழிப்பறை உண்டு. சிவர்டிலிருந்து போகும் படகு முதலில் ரெசரெக்‌ஷன் விரிகுடாவுக்குள் செல்லும். அங்கே அலை குறைவு. திறந்த கடலுக்குள் நுழைந்த பிறகுதான் ஆட்டம் கூடும். அதனால் விரிகுடாவைத் தாண்டும் முன் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். பனியாற்றின் முன் படகை நிறுத்தி வைத்திருப்பார்கள், அப்போது இன்னொரு முறை. நீர் மாத்திரையை நீங்களாக விடாதீர்கள்; அன்றைக்கு மட்டும் கரை திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பலருக்குச் சரி என்போம். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு வேறு ஏற்பாடு சொல்வோம். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சொல்ல வேண்டும். அதுவும் சிறுநீரைக் கூட்டும். வாந்தி எடுத்துச் சாப்பிட முடியாமல் போகிற நாளில் அதை நிறுத்தி வைக்கச் சொல்வோம், இல்லையென்றால் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும்.

அடுத்தது காலைச் சாப்பாடு. அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜில் தங்கியிருந்து சிவர்டுக்கு 200 கிலோமீட்டர் காரில் போய்ப் படகு பிடிப்பவர்கள் விடியும் முன் கிளம்புகிறார்கள். படகு கிளம்பும் இன்னொரு ஊரான விட்டியருக்குப் போனால் வழியில் 4 கிலோமீட்டர் சுரங்கப்பாதை ஒன்று. ரயிலும் காரும் ஒரே பாதையில் போவதால் ஒரு நேரத்தில் ஒரு திசைக்குத்தான் திறப்பார்கள். அந்த நேரத்தைத் தவறவிட்டால் படகு போய்விடும். இந்த அவசரத்தில் சர்க்கரையைக் குறைக்கும் வழக்கமான கிளிமெப்ரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு, அல்லது இன்சுலினைக் குத்திவிட்டு, சாப்பாட்டைப் படகில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுவார்கள். படகில் கொடுப்பது ஜில்லென்ற சாண்ட்விச்சாக இருக்கும். சைவமா என்ற சந்தேகம் வந்தால் நம் ஆட்கள் தொடவே மாட்டார்கள்.

சர்க்கரை தாழ்ந்தாலும் நடுங்கும், நாக்கு குழறும், சொன்னதையே சொல்வார்கள். உடம்பின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலும் அதேதான். மேல்தளத்தில் நிற்கும் அப்பா நடுங்கினால், குளிர்கிறது போல என்று மகன் இன்னொரு ஜாக்கெட்டைப் போர்த்திவிடுவான். உள்ளே சர்க்கரை 50க்கு இறங்கிக்கொண்டிருக்கும். பிரஷருக்குத் தரும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த நடுக்கமும் படபடப்பும்கூடச் சரியாகத் தெரியாது. வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கலாம். குளிரில் ஒருவருக்கு வியர்த்தால் உடனே சர்க்கரையைச் சந்தேகப்படுங்கள். குளுக்கோமீட்டர் இருக்கிறதே என்று நம்பியிருக்க முடியாது, பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே ‘எரர்’ காட்டும். மீட்டரையும் ரத்தத்துளி வைக்கும் பட்டையையும் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். இன்சுலினும் அங்கேதான் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் வேலை செய்யாது, தூக்கிப் போட வேண்டியதுதான். பேச்சு குழறுகிறது, மீட்டரும் வேலை செய்யவில்லை என்றால் யோசிக்க வேண்டாம். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் முதலில் சர்க்கரை கலந்த தண்ணீரையோ ஜூஸையோ கொடுங்கள், பிறகு உள்ளே கூட்டிப்போய்ச் சூடுபடுத்துங்கள். வீட்டிலிருந்தே இட்லியோ சப்பாத்தியோ கட்டி எடுத்துப்போவதில் கூச்சம் எதற்கு? வெல்லம் போட்ட கடலை மிட்டாய் நாலு துண்டு பையில் இருக்கட்டும்.

கால் மரத்துப்போன சர்க்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அங்கே கடைகளில் சின்ன பொட்டலமாகக் கைச்சூட்டுப் பை விற்கிறார்கள். பிரித்தால் தானாகச் சூடேறி மணிக்கணக்கில் சூடு தரும். அதை ஷூவுக்குள் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடந்த ஒருவரின் பாதத்தைப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணய அளவுக்குக் கொப்புளம், உடைந்து ஓரம் வெளுத்திருந்தது. அவருக்கு வலியே தெரியவில்லை. ராத்திரி சாக்ஸ் ஈரமாக இருக்கிறதே என்று பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார். கால் மரத்தவர்கள் அந்தப் பையைத் தொடவே வேண்டாம். இறுக்கமில்லாத கம்பளி சாக்ஸ் போதும். கரைக்கு வந்ததும் யாராவது ஒருவர் அவர்களின் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

உடை பற்றிச் சுருக்கமாக. ஜூலையில் கரையில் 15 டிகிரி இருக்கும், பரவாயில்லையே என்று தோன்றும். பனியாற்றின் மேலிருந்து இறங்கும் காற்று வேறு. 5 டிகிரி குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முகத்தில் அடித்தால் உடம்புக்கு அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போன மாதிரி. பருத்தி நனைந்தால் காயாது, உள்ளே கம்பளியோ செயற்கை இழையோ வேண்டும். சேலையோ வேட்டியோ மேல்தளத்துக்குச் சரிவராது. நெஞ்சுவலி உள்ளவர்கள், ஆஸ்துமாக்காரர்கள் வாயையும் மூக்கையும் மப்ளரால் மூடிக்கொண்டு, பத்துப் பத்து நிமிடமாக வெளியே போய் வந்தால் போதும். இன்ஹேலரும் குளிர்ந்தால் மருந்தைச் சரியாகப் பீச்சாது, அதற்கும் உள்பைதான் இடம்.

வாந்திக்கு என்ன செய்வது என்று எல்லோருமே கேட்பார்கள். இங்கே மருந்துக்கடையில் வாங்கும் அவோமின் வகை மாத்திரை இளவயதுக்காரர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். எழுபதைத் தாண்டியவர்களுக்குத் தூக்கக் கலக்கம், மனக்குழப்பம் வரலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், சிலவகைக் கண் அழுத்த நோய்க்கும் ஆகாது. பக்கத்து இருக்கைக்காரர் அன்பாகக் கொடுத்தார் என்று எந்த மாத்திரையையும் விழுங்காதீர்கள். படகின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், தொடுவானம் தெரிகிற மாதிரி உட்காருங்கள். செல்போன் திரையைப் பார்க்காதீர்கள். சுக்கோ இஞ்சி மிட்டாயோ ஓரளவு உதவும்.

பெரியவர்களோடு போகிற குடும்பம் என்னிடம் யோசனை கேட்டால், விட்டியரிலிருந்து பிரின்ஸ் வில்லியம் சவுண்டு என்ற கடற்பகுதிக்குப் போகும் சுற்றுலாவைத்தான் சொல்வேன். தீவுகள் தடுப்பதால் அலை குறைவு. காட்சியில் பெரிய குறை எதுவும் இல்லை.

இனி பிள்ளைகளுக்கு. அந்தக் கடல் இடுக்குகளில் செல்போன் சிக்னலை எதிர்பார்க்க முடியாது. கேப்டனின் ரேடியோதான் கதி. மருத்துவ உதவி வந்து சேர நேரம் பிடிக்கும். காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்க்கு அது எதையெல்லாம் தரும், ஹெலிகாப்டரில் கொண்டுபோகும் செலவு அடங்குமா என்று படித்துப் பாருங்கள். முந்தின நாள் ராத்திரி அம்மாவிடமும் அப்பாவிடமும் நீங்களாகவே கேளுங்கள்: பாத்ரூம் எங்கே இருக்கிறது தெரியுமா, மாத்திரை எப்போது போடப் போகிறீர்கள், என்ன சாப்பிடப் போகிறீர்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், ஒரு தாள். எடுக்கும் மருந்துகள், அளவு, ஒவ்வாமை, நோய்களின் பெயர், எல்லாம் ஆங்கிலத்தில். நம் ஊர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, மருந்தின் மூலப்பெயர் வேண்டும். நாம் பாரசிட்டமால் என்பதையே அங்கே அசிட்டமினோஃபென் என்கிறார்கள். அலாஸ்கா நேரம் கோடையில் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், எந்த வேளை இன்சுலினை எப்போது போடுவது என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். மருந்து வாங்க வரும்போதே கேளுங்கள். எழுதித் தர எந்த டாக்டருக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.