கருதுகோள் என்றால் என்ன கோள்?

புள்ளியியல் வகுப்பில் 'ஹைப்பாதிசிஸ்' என்ற சொல் காதில் விழுந்த பத்தாவது நிமிடத்தில் அதற்கான குறியீடுகளை எழுதத் தொடங்கிவிடுகிறோம். சொல் என்ன சொல்கிறது என்று கேட்க நேரம் இருப்பதில்லை. பயிற்சிக் கணக்குகளில் வரும் பிழைகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

கிரேக்கத்தில் 'ஹுப்போ' என்றால் கீழ், 'தெசிஸ்' என்றால் வைத்தல். வாதத்தைக் கட்டி எழுப்ப அடியில் வைத்த கல் என்று கொள்ளலாம். தமிழில் இதற்குக் கருதுகோள் என்று பெயர். சில பாடநூல்கள் எடுகோள் என்கின்றன. இந்தக் கோள் வானத்தில் சுற்றுகிற பொருளில் வரவில்லை. கெடு என்பது கேடு ஆனதுபோல, 'கொள்' முதலெழுத்து நீண்டு 'கோள்' ஆயிற்று. குறிக்கோள், மேற்கோள் எல்லாம் இதே வார்ப்பு. ஆக, கருதிக்கொண்டது கருதுகோள். கணக்குப் போடும்போது 'எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்' என்கிறோமே, அந்த ஒரே வினையில் கிரேக்கரின் வைத்தலும் நம்முடைய கொள்ளலும் சேர்ந்தே இருக்கின்றன.

எடுகோளைவிடக் கருதுகோளே எனக்குப் பிடித்தது. காரணம் 'கருது'. கண்முன் இருப்பதை யாரும் கருத வேண்டியதில்லை. 25 பைகளை நிறுத்துப் பார்த்துச் சராசரி 52 கிராம் என்று கண்டுவிட்டால் அது தெரிந்த செய்தி. தெரியாதது, இயந்திரம் நிரப்பும் எல்லாப் பைகளின் சராசரி. கருதுகோள் எப்போதும் அந்த முழுமைத்தொகுதியைப் பற்றியே பேசும். மாதிரியின், அதாவது நிறுத்துப் பார்த்த பைகளின், சராசரியைக் கருதுகோளுக்குள் எழுதுகிற மாணவர், கண்டதைக் கருதிக்கொண்டிருக்கிறார்.

அடுத்து வருவது, வேறுபாடு எதுவும் இல்லை என்று கருதிக்கொள்ளும் 'நல்' ஹைப்பாதிசிஸ். 1935இல் வெளியான தம் நூலில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் கையாண்ட பெயர் இது. எதுவும் இல்லை என்று பொருள்படும் இலத்தீன் 'நுல்லுஸ்' இதன் வேர். தமிழில் சூனியக் கருதுகோள், இன்மைக் கருதுகோள் என்று இரண்டும் வழங்குகின்றன. சூனியம் என்றதும் பூஜ்யம் நினைவுக்கு வந்து, விகிதம் பூஜ்யம் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. நாணயத்தைச் சோதிக்கும்போது தலை விழும் விகிதமாக எழுத வேண்டியது 0.5. அங்கே இல்லாதது வேறுபாடு, எண் அன்று. இன்மை என்ற சொல் இந்தக் குழப்பத்துக்கு இடம் தருவதில்லை. சமக்குறி இன்மைக் கருதுகோளில் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது: நிகழ்தகவைக் கணக்கிட ஒரு குறிப்பிட்ட எண் வேண்டும், அதை அது மட்டுமே தரும். வேறுபாடு உண்டு என்று எதிரில் நிற்கும் மாற்றுக் கருதுகோள், புள்ளியியலாளர்கள் நெய்மனும் ஈகான் பியர்சனும் வளர்த்த முறையிலிருந்து வந்தது.

இப்போது இரண்டு கணக்குகள். இரண்டும் இருமுனைச் சோதனைகள், அதாவது வேறுபாடு கூடும் பக்கமும் குறையும் பக்கமும் கணக்கில் வரும். எல்லை 5 விழுக்காடு: இன்மைக் கருதுகோள் உண்மையானால் இவ்வளவோ இதற்கு மேலோ வேறுபாடு வரும் நிகழ்தகவு 0.05ஐத் தாண்டாவிட்டால் அதை மறுப்போம்.

நாணயத்தை 100 முறை சுண்டுகிறோம். 60 முறை தலை விழுகிறது. இன்மைக் கருதுகோள் 0.5. மாதிரிக்கு மாதிரி விடை எவ்வளவு ஆடும் என்று காட்டும் திட்டப் பிழை, 0.5ஐ 0.5ஆல் பெருக்கி 100ஆல் வகுத்து எடுத்த வர்க்கமூலம்: 0.05. வேறுபாடு 0.10. வகுத்தால் 2. இயல்நிலை வளைகோட்டின்படி 5 விழுக்காட்டுக்கான எல்லை 1.96, ஆகவே மறுக்கிறோம்.

பைகளுக்கு வருவோம். இன்மைக் கருதுகோள் 50 கிராம், கண்ட சராசரி 52, எடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் மாதிரியின் திட்ட விலக்கம் 5. எடைகள் மணிவடிவ இயல்நிலைப் பரவலில் அமைந்தவை என்று வைத்துக்கொள்வோம். திட்டப் பிழை, 5ஐ 25இன் வர்க்கமூலத்தால் வகுக்க 1. வேறுபாடு 2, ஆகவே விடையும் 2. அதே 2தான், ஆனால் மறுக்க முடியவில்லை. திட்ட விலக்கத்தையும் மாதிரியிலிருந்தே எடுத்ததால் பார்க்க வேண்டியது டி அட்டவணை. 25 அளவுகளுக்கு அதன் எல்லை 2.064. டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது அந்த அட்டவணை.

பைக் கணக்கின் முடிவை எழுதும்போதுதான் பேனா தடுமாறும். 'இன்மைக் கருதுகோளை ஏற்கிறோம்' என்று முடிக்கக் கை பரபரக்கும். 50 என்று நிறுவிவிட்டோமா? இல்லை. இதே மாதிரியை வைத்து 51 என்று கருதியிருந்தாலும் மறுக்க முடிந்திருக்காது. இரண்டையும் ஒருசேர ஏற்க முடியுமா? 'மறுக்கப் போதிய சான்று இல்லை' என்று எழுதுவதே சரி. இன்மைக் கருதுகோள் ஒருபோதும் நிறுவப்படுவதில்லை, பொய்ப்பிக்க மட்டுமே படலாம் என்பது ஃபிஷரின் நிலைப்பாடும்கூட.

நாணயக் கணக்கிலும் ஒரு முள் இருக்கிறது. இயல்நிலை வளைகோட்டின் தோராயத்தை விட்டு, ஒவ்வொரு தலை எண்ணிக்கைக்கும் உரிய சரியான நிகழ்தகவைத் தரும் ஈருறுப்புப் பரவலில் நேராகக் கூட்டிப் பார்த்தால், 60 அல்லது அதற்கு மேல், 40 அல்லது அதற்குக் கீழ் தலை விழும் நிகழ்தகவு ஏறக்குறைய 0.057. எல்லை 0.05தானே? சற்றுமுன் மறுத்ததை இப்போது மறுக்க முடியாது.