கூரை சோலார்: 10 கிலோவாட் வரை ஆய்வு இல்லை, ஆனால் வோல்டேஜைப் பாருங்கள்

வீட்டுக் கூரையில் சோலார் போட விண்ணப்பித்தால், டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்று மின்வாரியப் பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை முன்பு கோப்பு நகராது. 2024-இல் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் ஒன்றிய அரசு செய்த திருத்தம் இதை மாற்றியது. 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை. குறையில்லாத விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். இணைப்புக்கு அனுமதித்த மின்பளுவைக் கூட்ட வேண்டுமானால் வாரியமே கூட்டும். 5 கிலோவாட் வரை லைனைப் பலப்படுத்தும் செலவும் வாரியத்துடையதே.

வீட்டுக் கூரை சோலாருக்கு ஒன்றிய அரசு உதவும் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் மானியம், முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா ரூ.30,000, மூன்றாவதற்கு ரூ.18,000. உச்சவரம்பு ரூ.78,000, 5 கிலோவாட் போட்டாலும் அதேதான். பேனல், அதன் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர், இரண்டில் எதன் திறன் குறைவோ அதற்கே மானியம். 3 கிலோவாட் பேனலுக்கு 2 கிலோவாட் இன்வெர்ட்டர் மாட்டினால் ரூ.60,000தான் வரும். பேனல் மட்டுமல்ல, அதற்குள் வெயிலை மின்சாரமாக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். விலை குறைத்துச் சொல்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

திட்ட இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணுடன் பதிந்து, அங்கே பட்டியலில் உள்ள நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொருத்தியபின் நெட் மீட்டர் (வாங்கும், வெளியே தரும் மின்சாரம் இரண்டையும் அளப்பது), வாரியத்தின் சோதனை, பிறகு மானியம் வர வங்கிக் கணக்கு விவரம். இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரில் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே பெயர் மாற்றிவிடுங்கள். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, தண்ணீர்த் தொட்டியின் நிழல் படாமல் வேண்டும்.

கரண்ட் போனால் பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும். அது பழுதல்ல. லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று வைத்த பாதுகாப்பு.

விதி எழுதியவர்கள் ஆய்வை நீக்கினார்கள். ஆய்வு கண்டுபிடிக்கும் சிக்கல் நீங்கவில்லை. லைனின் கடைசியில் உள்ள வீடுகள் நண்பகலில் ஒரே நேரத்தில் மின்சாரத்தை வெளியே தள்ளினால் அங்கே வோல்டேஜ் ஏறும். பல இன்வெர்ட்டர்கள் 253 வோல்ட்டைத் தாண்டினால் டிரிப் ஆகிவிடும். நல்ல வெயிலில், மீட்டரில் ஏற வேண்டிய யூனிட் போய்விடும். எனவே வாங்குமுன் ஒரு ஞாயிறு நண்பகலில் மீட்டர் அருகே வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். அப்போதே 245-ஐ ஒட்டி இருந்தால், இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை தடித்த கேபிள் கேளுங்கள். அந்தத் துண்டில் ஏறும் சில வோல்ட் மிச்சமாகும். போட்டபின் டிரிப் ஆனால், இன்வெர்ட்டர் செயலியில் பதிவான நேரத்தையும் வோல்டேஜையும் இணைத்துப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை ஒரு படி மாற்றிக் குறைக்க முடியுமா என்று பார்க்க உதவிப் பொறியாளருக்கு அந்த எண்கள்தான் வேண்டும்.